நாகாயி வெட்டின வாய்க்கா

ஒரு மலையில ஒரு ஊராம். அந்த ஊர்ல நாகாயின்னு ஒரு அம்மாவாம். அவளுக்குச் சொந்தம்னு இருந்தது ஒரே ஒரு சேத்துக்காடுதானாம். ம் கொட்டு, அப்பதான் சொல்லுவேன்.

"ம்."

ரெண்டு மேட்டுக்கு நடுவுல பள்ளமா ஒரு எடம். கோரைப்புல்லு மண்டிக் கெடக்கும். கால வெச்சா சளக்குன்னு உள்ள வாங்கும். மாடுகூட எறங்காது. தவளைங்க மட்டும் கொர் கொர்ருன்னு கத்திக்கிட்டு இருக்கும். அதுக்கு நேர் கீழ, சரிவுல, ஒரு ஊத்து. கல்லு இடுக்குல இருந்து தண்ணி வரும். மழை பெஞ்சாலும் வரும், பெய்யாட்டியும் வரும். ஊரே அதைத்தான் குடிச்சுது.

முன்னாடி அங்க எல்லாரும் பூண்டு போட்டாங்க. அப்புறம் கீழ வெயில் தாங்காத ஜனங்க சீசனுக்கு வர ஆரம்பிச்சாங்க. அப்போ பூண்டுக்காடெல்லாம் லாட்ஜ் ஆச்சு, ஓட்டல் ஆச்சு. நாகாயி காடு மட்டும் அப்படியே கெடந்துச்சு.

பக்கத்து லாட்ஜுக்காரன் மகுடபதி தெனமும் கேப்பான். "என்னக்கா, உன் தவளைங்க சௌக்கியமா? வாடகை ஒழுங்காத் தருதுங்களா?"

நாகாயிக்குச் சுருக்குன்னு இருக்கும். "இருடா தம்பி, இந்த எடத்தை உருப்படியாக்கிக் காட்டுறேன்"னா.

மொதல்ல, கல்லைக் கொட்டி நெரவி, 'கார் நிறுத்தும் இடம்'னு பலகை வெச்சா. ஒரு கார் வந்துச்சு. நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல, பொதக்!

"கார் முங்கிடுச்சா?"

முழுசா இல்ல, சக்கரம் பாதி. பதினோரு பேர் தள்ளி வெளிய எடுத்தாங்க. பதினோரு பேர் மூஞ்சியிலயும் சேறு. கார்க்காரர் கேட்டாரு, "ஏம்மா, இது கார் நிறுத்துற எடமா, எருமை நிறுத்துற எடமா?"

அப்புறம், மூங்கில் பரண் கட்டி, மேல கூடாரம் போட்டா. புதுசாக் கல்யாணம் ஆன ரெண்டு பேரு வந்து தங்கினாங்க. விடிஞ்சு பாத்தா பரண் ஒரு பக்கமாச் சாஞ்சு, மெத்தை சொதசொதன்னு ஊறி, மாப்பிள்ளையோட ஷூவுக்குள்ள தவளை. அவங்களும் போயிட்டாங்க.

மூணாவதா ஒரு யோசனை பண்ணினா. தண்ணி இருக்கறதாலதானே இந்தப் பாடு? தண்ணியையே வெளிய விட்டுட்டா? மண்வெட்டியை எடுத்தா. பன்னெண்டு நாள், சதக் சதக்குன்னு, இடுப்பு ஆழத்துக்கு ஒரு வாய்க்கா வெட்டினா. தண்ணி கொடகொடன்னு அந்தப் பக்கத்துப் பள்ளத்துல கொட்டி ஓடிச்சு. நாலு நாள் ஓடிச்சு. அப்புறம் நின்னுடுச்சு. கறுகறுன்னு மண்ணு! கேரட் வெதைச்சா. பச்சைப்பசேல்னு வந்துச்சு. மகுடபதி வாயைத் தொறந்தவன் மூடவே இல்ல.

"ம்... அப்புறம்?"

அப்புறம் சித்திரை வந்துச்சு. சீசன். லாட்ஜெல்லாம் நெறஞ்சுது. ஆனா ஊத்து, வெரல் பருமன் ஆச்சு, நூல் பருமன் ஆச்சு, சொட்டு சொட்டுன்னு ஆச்சு, ஒரு நாள் நின்னே போச்சு. குழாயைத் தொறந்தா புஸ்ஸுன்னு காத்து. தலையில சோப்பு நுரையோட ஆளுங்க வராந்தாவுல நின்னு கத்தினாங்க. மறுநாள் பெட்டியைக் கட்டிட்டாங்க. வந்தவங்க போயிட்டாங்க, ஊர்க்காரங்க எங்க போறது? ரெண்டு மைல் கீழ எறங்கி ஆத்துல மொண்டு தூக்கினாங்க.

எல்லாரும் மழையைத் திட்டினாங்க. நாகாயி மட்டும் ஊத்துக்கிட்ட உக்காந்து கல்லு இடுக்குல கைய விட்டுப் பாத்தா. காஞ்சு கெடந்துச்சு. தலையைத் தூக்கினா. நேர் மேல, அவளோட கேரட்டுக்காடு. அப்பதான் அவளுக்கு வெளங்குச்சு. மழைத்தண்ணியை எல்லாம் அந்தச் சேறு குடிச்சு வெச்சுக்கிட்டு, வருஷம் பூரா கொஞ்சம் கொஞ்சமா ஊத்துக்கு விட்டுக்கிட்டு இருந்திருக்கு. அதை அவ நாலே நாள்ல கொட்டிட்டா.

இது வேற யாருக்கும் தெரியாது. கேரட் பிடுங்க இன்னும் இருபது நாள். பேசாம இருந்திருக்கலாம். அவ நேரா மகுடபதிகிட்டப் போனா.

"தம்பி, ஊத்தை நிறுத்துனது நான்தான்."

"நீ என்னக்கா, மந்திரவாதியா?"

கூட்டிட்டுப் போய் வாய்க்காலைக் காட்டினா. அவன் தலையைச் சொறிஞ்சான். "சரி, கேரட்டை எடுத்துட்டு அடைச்சிரலாமே. இருபது நாள்தானே?"

"நடுவுல கோடைமழை வந்துட்டா? அதுவும் இது வழியாத்தான் ஓடும். அப்புறம் அடுத்த மழைக்கு எத்தனை மாசம்?"

மேக்கால வானம் கறுத்துக்கிட்டு இருந்துச்சு. மகுடபதி வேட்டியை மடிச்சுக் கட்டினான். புது மாடி கட்ட வெச்சிருந்த மண்ணை எல்லாம் வண்டியில கொண்டாந்து கொட்டினான். ஊரே எறங்குச்சு. அதோட களிமண்ணையும் வெச்சு, தொம் தொம்முன்னு இடிச்சு, வாய்க்கா வாயை அடைச்சாங்க. சாயங்காலம் மழை பிடிச்சுக்கிச்சு. சோன்னு பெஞ்சுது. தண்ணி ஒரு சொட்டு வெளிய போகல. சுண்டுவெரல் அளவு இருந்த கேரட்டு அத்தனையும் தண்ணிக்குள்ள அழுகிப்போச்சு.

"ஊத்து வந்துச்சா?"

உடனே வரல. ஒரு வாரம் ஆச்சு, வரல. ஒரு மாசம் ஆச்சு, வரல. நாகாயி தெனமும் காலையில போய்க் கல்லு இடுக்குல வெரலை விட்டுப் பாப்பா. மூணாம் மாசம் ஒரு நாள், வெரல் நுனி ஈரமா இருந்துச்சு. அன்னிக்கு அவ யார்கிட்டயும் சொல்லல. மறுநாளும் ஈரம். அப்போதான் கூப்பிட்டா.

எல்லாரும் வந்து, கல்லுக்குக் கீழ ஒரு டம்ளரை வெச்சுட்டு, சுத்தி உக்காந்தாங்க. சொட்... சொட்... டம்ளர் நெறைய அரை மணி நேரம் ஆச்சு. அதுவரைக்கும் ஒருத்தரும் எடத்தை விட்டு எந்திரிக்கல. நெறஞ்சதும் மகுடபதி அதை எடுத்து நாகாயி கையில குடுத்தான். "நீ குடி அக்கா"ன்னான். அவ ஒரே ஒரு வாய் குடிச்சுட்டு, பக்கத்துல இருந்தவங்ககிட்ட நீட்டினா. அப்படியே கைமாறிக் கைமாறி, டம்ளர் ஒரு சுத்து வந்துச்சு.

ம் சொல்லு... சத்தத்தையே காணோம். சரி, கதையும் மலையேறிடுச்சு, விளக்கும் மலையேறட்டும். தூங்கு கண்ணு.