மேல்குட்டையில் நின்றுபோன இயந்திரம்

மருதங்காட்டின் நடுவே ஒரு பெரிய ஏரி இருந்தது. அதன் கரையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் காட்டு விலங்குகள் எல்லாம் கூடிப் பேசி, பேச்சி என்ற நீர்நாயிடம் கொடுத்திருந்தன.

முந்தின வருடம் அந்தப் பொறுப்பில் பேச்சிக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. கரையை உயர்த்துவதற்காக, மலையடிவாரத்தில் இருந்த கரடியிடம் ஒரு பொக்லைன் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்திருந்தது. அதை ஓட்டி வந்த குரங்கு காலையில் நாலு பக்கெட் மண் அள்ளிப் போடும். பிறகு இயந்திரத்தோடு காணாமல் போய்விடும். கேட்டால் டீசல் போடப் போனேன் என்று சொல்லும். உண்மையில் அது நரிக்குப் புது வளை தோண்டிக்கொண்டிருந்தது. அது குரங்குக்கும் நரிக்கும் மட்டுமே தெரியும். மழை வந்தபோது கரை பாதிதான் உயர்ந்திருந்தது. கரை உடைந்து, நீர்க்கோழிகளின் கூடுகள் அத்தனையும் போயின. எல்லாரும் பேச்சியைத்தான் திட்டினார்கள்.

அதனால் இந்த வருடம் புரட்டாசி பிறந்ததும் பேச்சி கரடியிடம் போய், இயந்திரத்தைக் கேட்பதற்கு முன்பே, அது எங்கே நிற்கிறது என்று தனக்கு எப்போதும் தெரிய வேண்டும் என்று சொன்னது. கரடி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை எடுத்துக் காட்டியது. அதை இயந்திரத்துக்குள் பொருத்திவிட்டால் போதும், கைபேசித் திரையில் பச்சைப் புள்ளியாக இயந்திரம் தெரியும் என்று விளக்கியது. என்ஜின் எப்போது ஓடியது, எப்போது நின்றது, எவ்வளவு டீசல் குடித்தது என்பதும் தெரியும். திரையின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் என்ஜின் நின்றுவிடும்; பக்கத்தில் இருக்கும் இன்னொரு பொத்தானை அழுத்தும் வரை திரும்பக் கிளம்பாது.

"திருட்டுப் போனால் மட்டும்தான் அதைத் தொட வேண்டும்" என்று கரடி சொல்லி அனுப்பியது.

இந்த முறை இயந்திரத்தை ஓட்டி வந்தது சடையன் என்ற காட்டுப்பன்றி. வேலையில் கெட்டி. ஆனால் வாய் திறந்து பேசாது. விடிந்ததும் ஏறி உட்கார்ந்தால் உச்சிவேளை வரைக்கும் இறங்காது. ஒரு வாரத்தில் கரை பாதிக்கு மேல் உயர்ந்துவிட்டது. பேச்சி தினமும் பத்து முறை திரையைப் பார்க்கும். பச்சைப் புள்ளி கரையிலேயே மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்கப் பார்க்கப் பேச்சியின் மனசு நிறைந்தது. கரைக்கு நேரில் போவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு நின்றே போனது.

எட்டாம் நாள் உச்சிவேளையில் புள்ளி கரையை விட்டுக் கிளம்பியது. மலையிலிருந்து ஏரிக்கு வரும் ஓடையோரமாக மேலே போய், பாறைகளுக்கு நடுவில் மறைந்தது. அங்கே சிக்னல் சரியாகக் கிடைக்காது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப வந்தது. ஒன்பதாம் நாளும் அப்படியே நடந்தது. பத்தாம் நாளும் அப்படியே.

பேச்சிக்குச் சோறு இறங்கவில்லை. போன வருடமும் இப்படித்தானே ஆரம்பித்தது என்று நினைத்தது. பதினோராம் நாள் காலையில் நரி அந்தப் பக்கமாக வந்தது. பேச்சி திரையைக் காட்டியது. நரி அதைப் பார்த்ததுமே தலையை ஆட்டியது. இயந்திரம் வழி மாறிப் போனால் யாருக்கோ வளை தோண்டத்தான் போகும் என்றது. அதில் நரிக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஏனென்றால் தானாக இருந்தால் அதைத்தான் செய்திருக்கும்.

சடையனைக் கூப்பிட்டுக் கேட்கட்டுமா என்று பேச்சி இழுத்தது.

"கேட்டால் பொய் சொல்லுவான், பேச்சியம்மா. போன வருடம் குரங்கைக் கேட்டீர்களே, உண்மையையா சொன்னான்? அங்கே போய் நிற்கும்போது நிறுத்திவிடுங்கள். கையும் களவுமாகச் சிக்குவான்" என்றது நரி.

அன்று உச்சிவேளையில் புள்ளி கிளம்பியது. பேச்சி அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு பாறைகளுக்கு நடுவில் புள்ளி ஒரு கணம் தெரிந்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்தியது.

சடையன் அங்கே யாருக்கும் வளை தோண்டவில்லை. ஓடைக்கு மேலே, மலைத் தண்ணீர் வந்து தேங்குகிற மேல்குட்டை ஒன்று இருந்தது. எட்டாம் நாளுக்கு முந்தின நாள், கிழங்கு தேடி நடந்தபோது அந்தக் குட்டையின் கரையடியில் மண் கசிந்து சொதசொதவென்று இருந்ததைச் சடையன் பார்த்தது. அது உடைந்தால் தண்ணீர் அத்தனையும் ஒரே மூச்சில் ஏரிக்கு வரும். ஏரிக்கரையோ இன்னும் ஈர மண். தாங்காது. இதைப் போய்ச் சொன்னால் கூட்டம் போடுவார்கள், மூன்று நாள் பேசுவார்கள் என்று சடையன் நினைத்தது. தான் சாப்பிடுகிற நேரம்தானே, அதில் முடித்துவிடலாம் என்று யாரிடமும் சொல்லாமல் போனது.

மூன்று நாளும் நல்ல களிமண்ணாகப் பார்த்துத் தோண்டிக் குட்டைக்குப் பக்கத்தில் குவித்தது. பதினோராம் நாள்தான் முக்கியமான வேலை. கசிகிற இடத்தில் இருந்த சேற்று மண்ணை எல்லாம் கெட்டித் தரை வரைக்கும் வாரி வெளியே போட்டது. இனி களிமண்ணை உள்ளே தள்ளி அமுக்க வேண்டும். கால் மணி நேர வேலை. முதல் பக்கெட் களிமண்ணைத் தூக்கிய அந்த நிமிடத்தில் என்ஜின் நின்றது.

சடையன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கிளம்பவில்லை. டீசல் இருந்தது. பேட்டரியும் நன்றாக இருந்தது. மேற்கே மலை உச்சியில் மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. கரையில் சடையனே வாரிய பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. சடையன் இறங்கி மூக்காலும் காலாலும் மண்ணைத் தள்ளிப் பார்த்தது. ஒரு பன்றி தள்ளுகிற மண் எந்த மூலைக்கு? கடைசியில் ஏரியை நோக்கி ஓடியது.

ஏரிக்கரையில் பேச்சியும் நரியும் இன்னும் பத்துப் பதினைந்து விலங்குகளும் காத்திருந்தன. உடம்பெல்லாம் சேறாக வந்து நின்ற சடையனைப் பார்த்து, யாருக்குத் தோண்டினாய் என்று பேச்சி கேட்டது. சடையனுக்கு மூச்சு வாங்கியது.

"மேல்குட்டைக் கரையைத் திறந்து போட்டிருக்கிறேன், அக்கா. மூடுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. மலையில் மழை பெய்கிறது."

  பேச்சி உடனே கைபேசியை எடுத்து, என்ஜினைத் திரும்ப இயக்கும் பொத்தானை அழுத்தியது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பாறைகளுக்கு நடுவில் நின்ற இயந்திரத்துக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

எல்லாரும் மேல்குட்டைக்கு ஓடினார்கள். அவர்கள் பாதி வழியில் இருந்தபோதே ஓடையில் தண்ணீர் செம்மண் நிறத்தில் பொங்கி வந்தது. போய்ச் சேர்ந்தபோது குட்டை அந்தப் பள்ளத்தின் வழியாக வழிந்துகொண்டிருந்தது. இயந்திரத்தின் அடிப்பகுதி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. சடையன் நீந்திப் போய் மேலே ஏறி, சாவியில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. பேச்சி கைபேசியைப் பல்லில் கடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த உயரமான பாறையில் ஏறியது. அங்கேயும் வட்டம் சுற்றியது. அதற்கும் மேலே இருந்த பாறைக்குத் தாவியது. அங்கேதான் கைபேசிக்கும் பெட்டிக்கும் ஒருசேரச் சிக்னல் கிடைத்து வட்டம் நின்றது.

என்ஜின் உறுமியது. சடையன் குவித்து வைத்திருந்த களிமண்ணை வாரி வாரி உடைப்பில் போட்டது. பாதி மண்ணைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. விடாமல் போட்டு, பக்கெட்டின் முதுகால் அமுக்கி அமுக்கி, ஒருவழியாக உடைப்பை அடைத்தது.

அதற்குள் போன தண்ணீர் போனதுதான். ஏரிக்கரை நல்லவேளையாகத் தாங்கியது. ஆனால் ஓடை ஏரியில் கலக்கும் இடத்தில் ஒரு மணல் திட்டு இருந்தது. ஆமை ஒன்று அதில் முப்பத்தோரு முட்டைகள் இட்டுப் புதைத்திருந்தது. இன்னும் ஒன்பது நாளில் குஞ்சு பொரிக்க வேண்டியவை. திட்டு இருந்த இடமே தெரியவில்லை. ஆமை அந்தத் தண்ணீரில் இங்கும் அங்கும் நீந்தித் தேடிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும் வழியில் பேச்சி நரியைப் பார்த்தது. பேச்சி எதுவும் கேட்பதற்கு முன்பே நரி முந்திக்கொண்டு, "நான் யோசனைதானே சொன்னேன். அழுத்தியது நீங்கள்" என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் போய்விட்டது. அது சொன்னது சரிதான் என்று பேச்சிக்குத் தோன்றியது. அதுதான் இன்னும் வலித்தது.

யாரும் சொல்லி அனுப்பாமல் பேச்சி தானாகவே ஆமையிடம் போனது. சடையனும் பின்னாலேயே வந்தது. நடந்ததை எல்லாம் பேச்சி ஒன்று விடாமல் சொன்னது. புள்ளி நகர்ந்ததைப் பார்த்ததையும், சந்தேகப்பட்டதையும், பொத்தானை அழுத்தியதையும் சொன்னது. ஆமை தேடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பியது.

பிறகு, "அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றது.

"கேட்டிருக்கலாம்" என்றது பேச்சி.

"நானும் சொல்லியிருக்கலாம்" என்றது சடையன்.

ஆமை தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டது. அது அவர்களை மன்னித்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

கரை வேலை இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் பாக்கி இருந்தது. பெட்டியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று சில விலங்குகள் சொல்லின. பேச்சி கேட்கவில்லை. பெட்டி பொய் சொல்லவில்லையே, இயந்திரம் இருந்த இடத்தைச் சரியாகத்தானே காட்டியது என்றது. ஆனால் அன்றிலிருந்து பேச்சி தினமும் காலையும் மாலையும் கரைக்கு நடந்து போனது. சடையனும், சிரமப்பட்டாவது, வேறு இடத்துக்குப் போவதற்கு முன் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகப் பழகியது.

ஒருநாள் காலையில் பச்சைப் புள்ளி கரையிலேயே ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. பேச்சி நேராகக் கிளம்பிப் போய்ப் பார்த்தது. எண்ணெய்க் குழாய் வெடித்து, சடையன் இயந்திரத்துக்கு அடியில் படுத்து அதைக் கழற்றிக்கொண்டிருந்தது. பேச்சி அங்கேயே நின்று கரடிக்குத் தகவல் சொன்னது. மதியத்துக்குள் புதுக் குழாய் வந்து சேர்ந்தது. வேலையில் அரை நாள்கூட வீணாகவில்லை.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு கரை முடிந்தது. ஏரி நிரம்பியது. கரை நின்றது. நீர்க்கோழிகள் கூடு கட்டின.

ஒருவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவிட்டதாலேயே அவர் என்ன செய்கிறார் என்பதும் தெரிந்துவிட்டதாக நினைத்துத் தண்டிக்கக் கூடாது. முதலில் அவரிடமே கேட்க வேண்டும்.