வலி நின்ற நாள்

மலையடிவார மடத்தில் இருந்த வேலப்ப அடிகள் வைத்தியமும் பார்த்தார். அவருடைய சீடர் திருமேனி, நாற்பதைக் கடந்தபின் துறவுக்கு வந்தவர். யார் அழுதாலும் தாங்க மாட்டார்.

கல்குவாரியில் வேலை செய்யும் மாசானத்தை அவன் மனைவி சுடலி அங்கே கூட்டிவந்தாள். பாறையைப் புரட்டும்போது இடுப்பில் டிஸ்க் விலகியிருந்தது. இடது கால் நெடுக வலி. ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும் என்று டவுன் டாக்டர் சொல்லியிருந்தார். அடிகள் அவனைப் படுக்கவைத்தார். கூடவே இருந்து கவனிக்கும்படி திருமேனியிடம் சொல்லிவிட்டு வெளியூர் போனார்.

மாசானம் அலறிக்கொண்டே கிடந்தான். திருமேனி ஒத்தடம் கொடுத்தார். அவனோடு சேர்ந்து அவரும் தூங்கவில்லை.

பிறகு அலறல் நின்றது.

"காலு ரெண்டும் பஞ்சு மாதிரி ஆயிட்டு சாமி," என்றான் மாசானம்.

சுடலி திருமேனியின் காலில் விழுந்தாள். அன்று அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் அடிகள் திரும்பினார். மாசானம் சிரித்த முகமாக, ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அடிகள் போர்வைக்குள் கைவிட்டு, அவன் கால் பெருவிரலை நகம் பதியக் கிள்ளினார்.

மாசானம் பேச்சை நிறுத்தவில்லை.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனே?"

"நேத்துலேருந்து வரல சாமி. தண்ணி சரியா குடிக்கல, அதான்."

அடிகள் உடனே வண்டி பிடிக்கச் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்றே அறுவை சிகிச்சை நடந்தது. நரம்புகள் நெடுநேரம் நசுங்கிக் கிடந்துவிட்டன என்றார்கள். மாதங்கள் போயின. கால்கள் அசையவில்லை. குழாய் வைத்துத்தான் சிறுநீரை எடுக்க வேண்டியிருந்தது. சுடலி அவனைத் திருப்பிப் போடப் பழகிக்கொண்டாள்.

ஒருநாள் அடிகளோடு போய் அவனைப் பார்த்துவிட்டு வரும் வழியில் திருமேனி நின்றுவிட்டார்.

"அலறியபோது பயந்தேன் சாமி. அடங்கியதும் குணமாகிவிட்டது என்று நினைத்தேன். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று எதை வைத்து அறிவது?"

"அலறியவரைக்கும் அவன் கால் உயிரோடு இருந்தது," என்றார் அடிகள்.

இனி அவனுக்காக என்ன வேண்டிக்கொள்வது என்று திருமேனி கேட்டார்.

"வலிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்."