இழுப்பு மாத்திரை

தென் மாவட்டத்தில் ஒரு பெரிய அரசு மருத்துவமனை. அங்கே புதன்கிழமைதோறும் தசை, நரம்பு நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு நடக்கும். நடத்தியவர் டாக்டர் ஹெப்சிபா. அவரிடம் கற்றுக்கொண்டிருந்தார் இசக்கியப்பன். பொது மருத்துவம் முடித்துச் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, நரம்பியல் மேற்படிப்புக்கு வந்தவர்.

ஹெப்சிபா யாரையும் 'நீ' என்று சொல்லமாட்டார். மாணவரும் 'நீங்க'தான், தரை துடைப்பவரும் 'நீங்க'தான். அதிகம் பேசவும் மாட்டார்.

ஒரு புதன்கிழமை மாரிச்செல்வி வந்தாள். இருபத்துநாலு வயது. அண்ணன் அய்யாத்துரை அவளை லோடு ஆட்டோவிலிருந்து தூக்கிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். வைத்தியத்துக்காக அவர்கள் வரவில்லை. மாற்றுத்திறனாளி அட்டையைப் புதுப்பிக்க ஒரு டாக்டரின் கையெழுத்து வேண்டும்.

"என்ன நோய்?" என்று கேட்டார் இசக்கியப்பன்.

"தசைச் சிதைவு சார். ஒம்பது வயசுல இங்கதான் சொன்னாங்க. மருந்து கிடையாதுன்னுட்டாங்க. அதுக்குப் பிறகு எங்கயும் போகல."

அய்யாத்துரை ஒரு பழைய சீட்டை நீட்டினார். அவர் சொன்னதுதான் அதில் இருந்தது. இசக்கியப்பன் பேனாவைத் திறந்துகொண்டே பேச்சுக்குக் கேட்டார்.

"வரவர மோசமாகுதாம்மா?"

"மோசமாகும். பிறகு சரியாகும் சார்" என்றாள் மாரிச்செல்வி. "பொங்கலுக்கு நானே நடந்து மாடிக்குப் போனேன். மாசியில கட்டில்ல இருந்து எந்திரிக்க முடியல. இப்போ தேவலை."

பேனா நின்றது. சிதைந்த தசை எப்படித் திரும்பி வரும்? அவளைக் கட்டிலில் படுக்கவைத்துச் சோதித்தார். தோளும் தொடையும் பலமில்லை. விரல்களில் நல்ல பலம். ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி தைத்துக் கொடுப்பதாகச் சொன்னாள். இரண்டு இமைகளும் லேசாகத் தாழ்ந்திருந்தன.

"ராத்திரி தூங்கலையா?"

"இல்ல சார், முகமே அப்படித்தான். பள்ளிக்கூடத்துல தூங்குமூஞ்சின்னு கூப்பிடுவாங்க."

இசக்கியப்பனுக்குக் குழப்பமாக இருந்தது. நோட்டில் எழுதினார்: 'நோயாளி சொல்வதில் தெளிவில்லை.'

நோட்டையும் சீட்டையும் ஹெப்சிபாவிடம் கொண்டுபோனார். அவர் அந்த வரியைப் படித்தார்.

"யாருக்குத் தெளிவில்லை?"



ஹெப்சிபா பழைய சீட்டை எடுத்தார். அதைப் படிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. பிறகு மடித்துக் கொடுத்தார்.

"இவங்களை நீங்களே பாருங்க. முதல்லேருந்து. நான் பார்க்கல."

"ஏன் மேடம்?"

"அடுத்த நோயாளியை வரச் சொல்லுங்க."

இசக்கியப்பனுக்கு இன்னும் குழப்பம் கூடியது. மாரிச்செல்வியை வார்டில் சேர்த்தார். தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறவேண்டிய நொதி ஒன்று உண்டு. அவளுக்கு அது ஏறவே இல்லை. நரம்பில் மின்சாரம் கொடுத்துத் தசை எப்படித் துடிக்கிறது என்று பார்த்தார். முதல் துடிப்பு நன்றாக இருந்தது. அடுத்தது குறைந்தது. நாலாவதற்குள் பாதியாகிவிட்டது. திரும்பச் செய்தார். அப்படியேதான்.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் ஹெப்சிபாவின் அறைக்கு ஓடினார்.

"மேடம், தசையில கோளாறு இல்ல. நரம்பும் தசையும் சேர்ற இடத்துலதான். நரம்பு சொல்றது தசைக்குப் போய்ச் சேரல. இதுக்கு மருந்து இருக்கு!"

ஹெப்சிபா துடிப்பின் வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருடைய கை மேசைமேல் அசையாமல் கிடந்தது.

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார். "மரபணுச் சோதனைக்கு ரத்தம் அனுப்புங்க. மருந்தை ஆரம்பிங்க, சின்ன அளவுல. தினம் நீங்களே பாருங்க."

இசக்கியப்பன் வார்டுக்குப் போய் அண்ணன் தங்கையிடம் சொன்னார். இது வேறு நோய், மாத்திரை இருக்கிறது என்று. அய்யாத்துரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாரிச்செல்விதான் கேட்டாள்.

"எவ்வளவு நாளாகும் சார்?"

"ரெண்டு மூணு நாள்லயே தெரியும்."

மூன்றாம் நாள் அவளால் தலைவாரக் கையைத் தூக்க முடியவில்லை.

மருந்து போதவில்லை என்று இசக்கியப்பன் நினைத்தார். ஹெப்சிபா ஒரு கூட்டத்துக்காக வெளியூர் போயிருந்தார். போனில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அளவைக் கூட்டினார்.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு மாரிச்செல்வியின் கழுத்து நிற்கவில்லை. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். சேர்ந்த அன்று முப்பதுவரை எண்ணியவள், ஒன்பதில் நின்றாள். அவள் கண்கள் அவரையே பார்த்தன. தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய், முகத்தில் கவசம் மாட்டி, இயந்திரத்தால் மூச்சுக் கொடுத்தார்கள்.

வெளியூரிலிருந்து திரும்பிய ஹெப்சிபா பையோடு நேராக அங்கே வந்தார்.

"மருந்தை நிறுத்துங்க."

"மேடம், இந்த நோய்க்கு இதுதான் மருந்து. புத்தகத்துல..."

"எந்த நோய்க்கு?"

நோயின் பெயர் தனக்குத் தெரியும் என்றுதான் இசக்கியப்பன் அதுவரை நினைத்திருந்தார்.

வெளியே அய்யாத்துரை தரையில் உட்கார்ந்திருந்தார். ஹெப்சிபா போய் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். இசக்கியப்பன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"மருந்தே இல்லாமப் பதினஞ்சு வருஷம் உசுரோட இருந்தா" என்றார் அய்யாத்துரை. "அஞ்சு நாள் மருந்து குடுத்தீங்க."

"ஆமா" என்றார் ஹெப்சிபா. "நாங்க குடுத்த மருந்துதான் இப்படி ஆக்கிருச்சு. நிறுத்திட்டோம். ரெண்டு மூணு நாள்ல மூச்சு திரும்பிரும்னு நினைக்கிறேன்."

"கையெழுத்துக்குத்தானே வந்தோம். போட்டு விட்டுருக்கலாம்லா? அந்தப் பழைய டாக்டர் சொன்னதே நல்லது. மருந்து இல்லன்னாங்க. நாங்களும் மனசத் தேத்திக்கிட்டோம்."



"அந்தப் பழைய டாக்டர் நான்தான்" என்றார் ஹெப்சிபா.

அய்யாத்துரை திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவர் பதினெட்டு வயசுப் பையன். தங்கையை முதுகில் சுமந்துகொண்டு வந்தவர். எழுந்து வராந்தாவின் அடுத்த முனைக்குப் போய்விட்டார்.

மருந்தை நிறுத்திய மூன்றாம் நாள் கவசத்தை எடுத்தார்கள். மாரிச்செல்வி முதலில் தண்ணீர் கேட்டாள். அடுத்து, பாதி தைத்துவைத்த ஜாக்கெட்டுகளை யாரிடம் கொடுத்தீர்கள் என்று அண்ணனிடம் கேட்டாள்.

இசக்கியப்பன் அந்த மூன்று நாளும் வீட்டுக்குப் போகவில்லை. ஹெப்சிபா தன்னைத் திட்டுவார் என்று காத்திருந்தார். திட்டவில்லை. அது அவருக்குத் தாங்கவில்லை. அவரே போனார்.

"அளவைக் கூட்டினது நான்தான் மேடம். உங்களைக் கேட்கல."

"ஏன் கேட்கல?"

"தெரியும்னு நினைச்சேன்."

ஹெப்சிபா எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டினார். அவர் உட்கார்ந்தார்.

"அந்த மருந்து குடுத்தா எல்லாரும் தேறணும். இவங்க மோசமானாங்க. அப்படி மோசமாகிறவங்க யாரு? தேடுங்க."

இசக்கியப்பன் தேடினார். நரம்பும் தசையும் சேரும் இடத்தில் பிறவியிலேயே வரும் கோளாறுகள் பல உண்டு. அவற்றில் ஒரு வகைக்கு மட்டும் அந்த மருந்து ஆகாது. தோளும் தொடையும் பலமிழக்கும், மாதக்கணக்கில் கூடிக் குறையும், இமை தாழும். ஒவ்வொரு வரியும் மாரிச்செல்வி சொன்னது. தெளிவில்லை என்று அவர் எழுதியது. அடுத்த வாரம் வந்த மரபணு முடிவும் அதையே சொன்னது.

இதற்கான மருந்தைப் படித்தபோது, தவறான பக்கத்தைப் பார்க்கிறோமோ என்று புரட்டிப் பார்த்தார். மூச்சிழுப்புக்குக் கொடுக்கும் சாதாரண மாத்திரை. எந்த மருந்துக் கடையிலும் கிடைப்பது.

"இது எப்படி மேடம் தசைக்கு வேலை செய்யும்?"

"யாருக்கும் முழுசாத் தெரியாது."

"தெரியாம எப்படிக் குடுக்கிறது?"

"அதையும் அவங்ககிட்டச் சொல்லிட்டுக் குடுக்கணும்."

இருவரும் போனார்கள். ஹெப்சிபா மாத்திரை அட்டையை மாரிச்செல்வியின் கையில் கொடுத்தார்.

"இது எங்க அப்பாவுக்கு இழுப்புக்குக் குடுத்த மாத்திரைல்லா?" என்றார் அய்யாத்துரை. "இதைச் சாப்பிட்டா நடந்துருவாளா?"

"தெரியாது. பலபேர் தேறியிருக்காங்க. ரெண்டு மூணு மாசம் ஆகும். இதயத்தைப் பார்த்துக்கிட்டே குடுக்கணும். வேண்டாம்னு சொன்னாலும் சரிதான்."

"போன தடவை நிச்சயமாச் சொன்னீங்க" என்று இசக்கியப்பனைப் பார்த்தார் அய்யாத்துரை.

"ஆமா" என்றார் இசக்கியப்பன். "தெரியாமச் சொன்னேன்."

அய்யாத்துரை தங்கையைப் பார்த்தார். மாரிச்செல்வி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தாள்.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் மாதம் கையைத் தூக்கித் தானே தலைவாரினாள். நாலாம் மாதம் ஒரு புதன்கிழமை, லோடு ஆட்டோவிலிருந்து இறங்கி வாசலிலிருந்து அறைவரை நடந்து வந்தாள். அசைந்து அசைந்துதான் நடந்தாள். இரண்டு இடத்தில் நின்று சுவரைப் பிடித்தாள். அய்யாத்துரை இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல் பின்னால் வந்தார்.

இசக்கியப்பன் எழுந்து நின்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது. மாரிச்செல்வி சிரிக்கவில்லை. நேராக ஹெப்சிபாவின் முன்னால் போய் நின்றாள்.

"பத்தாவதோட படிப்பை நிறுத்தினேன் மேடம். பள்ளிக்கூடத்துல மாடிப்படி ஏற முடியலன்னு. எனக்காக எங்க அண்ணன் கல்யாணமே பண்ணிக்கல. உங்கமேல எனக்குக் கோவமா வருது."

"வரட்டும்" என்றார் ஹெப்சிபா.

"நன்றி சொல்லணும்னும் தோணுது. எதைச் சொல்றதுன்னு தெரியல."

ஹெப்சிபா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். மாரிச்செல்வி வெகுநேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். அவளுடைய இதயத் துடிப்பைப் பார்த்து, அடுத்த மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார் ஹெப்சிபா.

அவர்கள் போனபிறகு அறையில் இருவரும் மட்டும் இருந்தார்கள். இசக்கியப்பனுக்கு மனசு கேட்கவில்லை.

"பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இந்த நோயைப் பத்தி யாருக்கு மேடம் தெரியும்? இங்க அந்தச் சோதனையும் கிடையாது. அன்னைக்கு யார் பார்த்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பாங்க. உங்க தப்பு எங்க இருக்கு?"

ஹெப்சிபா பேனாவை மூடினார்.

"மருந்து இல்லைன்னு எழுதினேன். எனக்குத் தெரியலைன்னு எழுதியிருந்தா, அடுத்த வருஷமும் வந்திருப்பாங்க."