பின்பக்கமா மலையேறின ஜப்பான் காரு

ஒரு ஊர்ல ஒரு ஜப்பான் காரு இருந்துச்சு. சின்னக் காரு, பச்சைக் கலரு. மலேசியாவுல தைப்பிங் பக்கம், எந்நேரமும் மழை பெய்யுமே, அந்த ஊரு. ம் கொட்டு.

"ம்."

அது அங்கமுத்துவோட காரு. அந்தப் பக்கம் காரக் காடின்னும் சொல்லுவாங்க. மவ கோகிலா பொறந்தப்ப ஆஸ்பத்திரியிலேருந்து அதுலதான் கொண்டாந்தாரு. அப்புறம் அவ வளந்தா, காருக்கும் வயசாச்சு. பெயிண்டு உரிஞ்சுது, சீட்டு கிழிஞ்சுது, பின்கதவு உள்ளேருந்து தெறக்காது. ஆனா சாவியத் திருகுனா போதும், "கிர்ர்... டுர்ர்ர்!" நடுவழியில நின்னதே இல்ல.

அப்புறம் கோகிலாவுக்கு மலைக்கோயில்ல கல்யாணம். மாப்பிள்ளையோட அப்பா பச்சையப்பன் சொன்னாரு, "சம்பந்தி, அந்த ஓட்டக் காடிய மேல கொண்டாந்துராதீங்க. போட்டோவுல விழுந்துரும்."

அங்கமுத்துவுக்கு மூக்கு வெடச்சுருச்சு. "என் காடி ஏறாத மலையில நானும் ஏற மாட்டேன்!" பொண்டாட்டியையும் மவளையும் வேன்ல அனுப்பிட்டு, பட்டு வேட்டியோட அடிவாரத்துல கார்க்குள்ளயே உக்காந்துட்டாரு. தூங்கிட்டியா?

"ம்ஹூம்!"

அப்போ "சோ"ன்னு மழை. ரோட்டு மேல ஆத்துத் தண்ணி! மாப்பிள்ளையோட புதுக் காரு பளபளன்னு பாஞ்சு வந்துச்சு. தண்ணிக்குள்ள விட்டாங்க. "புளுக்!" நின்னுருச்சு.

பச்சையப்பன் ஜன்னல் வழியா கத்துறாரு, "சம்பந்தீ! முகூர்த்தம் போவுது! தாலி என் பையில இருக்கு!"

"கேக்கலியே!"ன்னாரு அங்கமுத்து.

நல்லாவே கேட்டுச்சு. ஆனா மேல மவ காத்திருக்கா இல்ல? சாவியத் திருகுனாரு. டுர்ர்ர்! மொத கியர்ல, எறும்பாட்டம், சளக் சளக்குன்னு தண்ணிக்குள்ள போயி, மாப்பிள்ளைய முன்னாலயும் சம்பந்தியப் பின்னாலயும் ஏத்திக்கிட்டு வந்துருச்சு.

அப்புறம் மலை. செங்குத்தா ஏத்தம். பாதியில காரு "உஸ்ஸு... உஸ்ஸு..."ன்னு மூச்சு வாங்குது.

"செத்துச்சு!"ன்னாரு பச்சையப்பன்.

"வாய மூடுங்க. அதுக்குக் காது கேக்கும்."

அங்கமுத்து காரத் திருப்பி, ரிவர்ஸ் கியரப் போட்டாரு. அதுலதான் அதுக்குப் பலம் ஜாஸ்தி. ஙொய்ய்ய்ய்! மாப்பிள்ளை முதுகு காட்டிக்கிட்டே மலையேறுறாரு. கோயில் வாசல்ல நாதஸ்வரக்காரருக்குச் சிரிப்புத் தாங்கல, பீப்பீன்னு ஸ்ருதி ஓடிப்போச்சு!

மேல வந்து நின்னதும் மாப்பிள்ளை குதிச்சு ஓடிட்டாரு. ஆனா பின்கதவு?

"தெறக்காது!"

அதேதான்! உள்ள சம்பந்தி, சம்பந்தி பையில தாலி. கண்ணாடியத் தட்டுறாரு, டொக் டொக் டொக். "கதவத் தெறங்க சம்பந்தி!"

அங்கமுத்து ஆற அமர வைப்பரத் தொடைக்கிறாரு. "எந்தக் கதவு? ஓட்டக் காடி கதவா?"

"ஐயோ, தங்கக் காடி!"

"என்கிட்ட எதுக்கு? அதுகிட்ட சொல்லுங்க."

பச்சையப்பன் சீட்டத் தடவி, "தங்கமே, தெற தங்கமே!"ங்கிறாரு. அப்போ மாலையோட கோகிலாவே ஓடியாந்தா. "அப்பா! ரோசத்த நாளைக்கு வச்சுக்குங்க!" டப்புன்னு அவளே கதவத் தெறந்தா.

டும் டும் டும்! தாலி ஏறுச்சு. அப்புறம் போட்டோ. நடுவுல காரு, ரெண்டு பக்கமும் பொண்ணு மாப்பிள்ளை, எல்லா சனமும். பச்சையப்பன் மட்டும் அதுல விழல.

"ஏன்?"

அவரு கையில கேமராவக் குடுத்து, "நீங்கதான் நல்லா எடுப்பீங்க சம்பந்தி"ன்னுட்டாரே அங்கமுத்து!

அம்புட்டுத்தான். காரு லைட்ட அணைச்சுருச்சு. நீயும் கண்ண மூடு.