வாசலை விட்ட எறும்பு

நாவல் மரத்தடியில் ஒரு எறும்புப் புற்று இருந்தது. அதன் வாசலில் மீசைக்காரி என்ற எறும்பு காவல் நின்றாள். வெளியே எந்த வாசனை வந்தாலும் முதலில் அவள் மீசையில்தான் ஒட்டும். ஒட்டியதும் அவள் கால் தானாகத் தட்டும். அது பிறவிக் குணம். வாசனை வாசலோடு சரி, சேதி மட்டும்தான் உள்ளே போகும். அவள் சீனியம்மாவைத் தட்டுவாள். சீனியம்மா பத்துப் பேரைத் தட்டுவாள். அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேரை! கண் மூடித் திறப்பதற்குள் புற்றே கலகலத்துப் போகும்.

ஒரு நாள் காலையில் வெல்ல வாசனை வந்தது.

"வெல்லம்டி, வெல்லம்!"

"எவ்வளவு பெரிசுக்கா?" என்றாள் சீனியம்மா.

"மலை மாதிரி!"

புற்று பொங்கி வெளியே ஓடியது. வெல்லமாவது! உடம்பெல்லாம் பாகு பூசிக்கொண்டு ஒரு தேரை உட்கார்ந்திருந்தது. லபக், லபக்! ஏழு பேர் போனார்கள்.

"ஐயோ, யாரும் வராதீங்கடி!" என்று அலறினாள் மீசைக்காரி. வாய் அலறியது, கால் தட்டிக்கொண்டே இருந்தது.

"தட்டாதீங்கக்கா!"

"என் கால் என் பேச்சைக் கேட்டாத்தானே!"

தேரை குலுங்கிச் சிரித்தது. "நல்லாத் தட்டு, தாயி! இப்படி ஒரு காவல்காரி கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்கணும்!"

மீசைக்காரியோ பிறந்ததிலிருந்து வாசலை விட்டு நகராதவள். அதுதான் அவள் பெருமை. நகர்ந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? அதற்குள் லபக், எட்டாவது ஆள்!

"பெருமையாவது, மண்ணாவது!"

தலைகீழாக உள்ளே குதித்தாள். சீனியம்மாவின் மேலேயே போய் விழுந்தாள். இருவரும் உருண்டு உருண்டு அடிக்கிடங்கில் போய் நின்றார்கள்.

வாசலில் மீசை இல்லை. வாசனை இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. தட்டல் நின்றது. ஓடியவர்கள் நின்றார்கள்.

"எதுக்குடி ஓடினோம்?"

"எனக்கென்ன தெரியும்? நீ தட்டினே, நான் ஓடினேன்!"

எல்லோரும் உள்ளே திரும்பினார்கள். வெயில் ஏறியது. பாகு காய்ந்து முதுகு இறுகவே, தேரை தாவ முடியாமல் தத்தித் தத்திக் குளத்துக்குப் போனது.

"வாசலை விட்டுட்டீங்களேக்கா!" என்றாள் சீனியம்மா.

"விட்டதாலதான் நீ உக்காந்து பேசுறே!"

நம் உடம்பின் உயிரணுக்களும் இப்படித்தான். அவற்றின் வாசலில் வெளிச்சேதியை வாங்கும் ஏற்பிகள்தான் காவல்; சேதி அளவு மீறினால் உயிரணு அந்தக் காவலை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சேதி சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது, நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தவும் தெரிய வேண்டும்.