சுவரில் தலைகீழாக நடந்த யானை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது வாரிசு என்று கிளம்பி வருவார்கள். ஆகவே பெயர் வேண்டாம்.

அந்த நாட்டு அரசவையில் "தெரியாது" என்ற சொல்லுக்குத் தடை இருந்தது. மூன்று தலைமுறைக்கு முன் ஏதோ ஒரு மன்னர் எரிச்சலில் போட்ட கட்டளை. மன்னர் போய்ச் சேர்ந்துவிட்டார், கட்டளை தங்கிவிட்டது. அதனால் அங்கே எந்தக் கேள்விக்கும் உடனே பதில் கிடைக்கும். அது சரியான பதில்தானா என்று கேட்கும் பழக்கம்தான் இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. அவையில் இருப்பவர்கள் எல்லோரும் காலையில் முற்றத்தில் நின்று, மன்னரின் படுக்கையறைச் சன்னலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும்.

மன்னர் வீரகண்டருக்கு அந்த ஆண்டு கண்ணில் நோய் வந்தது. வைத்தியர் பச்சிலைச் சாறு விட்டுக் கட்டுப் போட்டார். ஒரு மண்டலம் வெளிச்சமே படக் கூடாது என்றார். சன்னல் பலகைகளைச் சாத்தி இடுக்குகளில் துணி அடைத்தார்கள். மன்னர் இருட்டில் கிடந்தார். பார்வை திரும்புமா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

சன்னல் மூடிய மறுவாரமே முற்றம் வெறிச்சோடிப் போயிற்று. மூடிய பலகைக்கு எதற்குக் கும்பிடு? யானைப்பாகன் மாடன் மட்டும் பட்டத்து யானை மங்கலத்தை நாள் தவறாமல் கொண்டுவந்து நிறுத்துவான். யானை துதிக்கையைத் தூக்கும். மாடன் கைகூப்புவான். பிறகு இரண்டு பேரும் போய்விடுவார்கள்.

ஒருநாள் காலையில் விகடகவி சாத்தப்பனுக்கு அவசர அழைப்பு வந்தது. அவர் போனபோது அறைக்குள் சோதிடர் பரஞ்சோதியாரும் தளவாய் சேதுராயரும் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். மன்னர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்கட்டை வைத்தியர் அன்றுதான் அவிழ்த்திருந்தார்.

"சாத்தப்பரே, எதிர்ச் சுவரைப் பாரும். நான் காண்பதை நீரும் காண்கிறீரா?" மன்னரின் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

சாத்தப்பன் பார்த்தார். இருட்டு பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு வெள்ளைச் சுவரில் முற்றம் முழுவதும் மங்கலாகத் தெரிந்தது, நிறத்தோடு. ஆனால் எல்லாம் தலைகீழ். வாயிற்கோபுரம் மேலிருந்து தொங்கியது. நீல வானம் தரையோரம் கிடந்தது. நடுவில் பட்டத்து யானை கால்கள் மேலே இருக்க நடந்துபோனது. அதன் கழுத்துக்குக் கீழே பாகன் வௌவால்போல் தொங்கிக்கொண்டு போனான்.

"காண்கிறேன் அரசே."

மன்னர் மூச்சை விட்டார். தன் கண்தான் கெட்டது என்று அவர் அதுவரை நினைத்திருந்தார். "அப்படியானால் இதன் பொருள் என்ன?"

சாத்தப்பன் வாய் திறப்பதற்குள் பரஞ்சோதியார் முந்திக்கொண்டார். "தருமதேவதை சுவரில் எழுதிக் காட்டுகிறாள், பிரபு. உண்மையான ஊழியன் நேராகத் தெரிவான். துரோகி தலைகீழாகத் தெரிவான்."

"கோபுரம் என்ன துரோகம் செய்தது?" என்று கேட்டார் சாத்தப்பன்.

"துரோகியின் நிழல் பட்டது, கவிழ்ந்தது" என்றார் பரஞ்சோதியார், கண் இமைக்காமல்.

தளவாய் தொண்டையைச் செருமினார். யானைக்கென்று வந்த கரும்பில் பாதி தன் வீட்டுக் கொல்லைக்குப் போவதை மாடன் யானை கட்டும் கொட்டாரத்தில் நாலு பேர் காதில் விழச் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. "அரசே, பட்டத்து யானையையே கவிழ்ப்பவன் பட்டத்தைக் கவிழ்க்க எவ்வளவு நேரமாகும்? பழைய முறைப்படி யானையின் காலிலேயே அவன் தலையை இட வேண்டும். அவனை வேலையில் சேர்த்தவர் யார் என்பதும் அவைக்குத் தெரியும்." சொல்லிவிட்டுச் சாத்தப்பனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

சேர்த்தது சாத்தப்பன்தான்.

மன்னர் மறுபடியும் சுவரைப் பார்த்தார். "ஒரு பாகனைக் கொல்வதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை" என்றார் கடைசியில். "ஆனால் என் கண்ணால் கண்டதை எப்படி இல்லை என்பேன்? சாத்தப்பரே, உமக்கு நாளைக் காலைவரை நேரம் தருகிறேன். அவன் நல்லவன் என்பதை இதே சுவர் காட்ட வேண்டும். வேறு சாட்சி வேண்டாம். காட்டாவிட்டால் அவனுக்கு என்னவோ, உமக்கும் அதுவே."

"உத்தரவு. ஒரே ஒரு வேண்டுகோள். அவனை மட்டும் சுவர் பார்த்தால் போதாது. நாளை அவை முழுவதும் முற்றத்தில் வந்து நிற்கட்டும். தருமதேவதை எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிடட்டும்."

"நியாயம்தானே" என்றார் மன்னர். சோதிடரும் தளவாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருட்டாக இருந்ததால் அந்தப் பார்வை வீணாயிற்று.

அவர்கள் போனபின் சாத்தப்பன் சன்னலருகே போனார். பலகையில் ஒரு கணு உதிர்ந்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் துளை விழுந்திருந்தது. அதை உள்ளங்கையால் மூடினார். சுவரில் கோபுரம், யானை, வானம் எல்லாம் அணைந்தன. கையை எடுத்தார். எல்லாம் திரும்பி வந்தன. மூலையில் கிடந்த பிரம்பை எடுத்துத் துளையில் நுழைத்தார். அதன் வெளிமுனை கோபுரத்தின் உச்சியைக் காட்டும்படி வைத்தபோது உள்முனை தரையைப் பார்த்துச் சாய்ந்தது. வெளிமுனையைத் தாழ்த்தி யானையின் காலைக் காட்டினார். உள்முனை உத்தரத்தைப் பார்த்து எழும்பியது.

சாத்தப்பன் பிரம்பைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். உச்சியிலிருந்து வரும் ஒளி துளை வழியே நேராகக் கீழே போகிறது. காலடியிலிருந்து வருவது நேராக மேலே போகிறது. வழியில் வளையவோ குனியவோ அதற்குத் தெரியாது. அரண்மனையில் வேலை பார்த்த அனுபவம் அதற்கு இல்லை.

மன்னர் கட்டிலிலிருந்து கேட்டார். "என்ன செய்கிறீர்?"

"பிரம்பு நேராக இருக்கிறதா என்று பார்க்கிறேன், அரசே."

அப்போதே சொல்லிவிடலாம்தான். ஆனால் ஒரு பிரம்பும் ஒரு துளையும் சோதிடரின் வாய்க்கு முன் எத்தனை நொடி நிற்கும்? துளையைப் போட்டதே தருமதேவதைதான் என்பார். அவை தலையாட்டும். கேலிப்பேச்சு என்று தள்ளிவிடுவார்கள். மாடனின் தலை யானையின் காலடிக்குப் போகும்.

பொழுது சாயும் நேரத்தில் கொட்டாரத்துக்குப் போனார். மாடனின் காலில் விலங்கு மாட்டியிருந்தார்கள். அவன் உட்கார்ந்தபடியே யானையின் கால் நகங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"விலங்கு போட்டும் வேலையை விடலையாடா?"

"நாளைக்கி வேற ஆளு வந்தா இத ஒழுங்கா செய்வானோ என்னமோ, சாமி." மாடன் நிமிரவில்லை. "ஒண்ணு கேக்கணும். மங்கலம் எம்மேல கால வைக்காது. எனக்குத் தெரியும். வைக்கலேன்னா அங்குசத்தால குத்துவாங்க. காதுக்குப் பின்னால அதுக்கு ஏற்கெனவே புண்ணு இருக்கு. அந்தப் பக்கம் மட்டும் குத்த வேணாம்னு சொல்லிருங்க."

சாத்தப்பன் யானையின் காதுப்பக்கம் போய் நின்று புண்ணைப் பார்த்தார்.

"மூடின சன்னலை எதுக்குடா தினமும் கும்பிட்ட?"

"உள்ள ஆளு இருக்காரில்ல?"

"சரி, நாளைக்கும் அதையே செய். வழக்கமா நிக்கிற மாதிரி நில்லு. மத்தவங்க என்ன செஞ்சாலும் பார்க்காதே, சிரிக்காதே."

"சிரிக்கிற நெலமையிலயா சாமி இருக்கேன்?"

"நாளைக்குத் தெரியும்."

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் பரஞ்சோதியார் நின்றிருந்தார். முகத்தை அங்கவஸ்திரத்தால் மூடியிருந்தார். ஆனாலும் நெற்றி விபூதியின் அகலம் அவரைக் காட்டிக்கொடுத்தது.

"சாத்தப்பா, தற்செயலாக இந்தப் பக்கம் வந்தேன். மத்தியானம் மன்னர் உறங்கும்போது என் சீடனை முற்றத்தில் நிற்கச் சொல்லிச் சுவரைப் பார்த்தேன். அவன் தலைகீழாகத் தெரிந்தான்."

"துரோகியாக இருப்பான்."

"அவனை அறைக்கு அனுப்பிவிட்டு நான் நின்றேன். அவன் பார்த்தான்." பரஞ்சோதியாரின் குரல் இறங்கியது. "நானும் அப்படித்தானாம். இது கிரகசாரம்தான், வேறொன்றுமில்லை. இருந்தாலும் நாளை நேராகத் தெரிவதற்கு ஏதாவது…"

"நேராக நிற்பவர் தலைகீழாகத் தெரிகிறார். அவ்வளவுதானே?" என்றார் சாத்தப்பன். "அப்படியானால் நேராகத் தெரிய விரும்புபவர் எப்படி நிற்க வேண்டும்? சாஸ்திரம் படித்தவருக்கு நான் சொல்லவா வேண்டும்."

பரஞ்சோதியார் யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "இது நமக்குள் இருக்கட்டும்."

அவர் போன கையோடு தளவாய் வந்தார். அவரும் தற்செயலாகத்தான் வந்தார். பிறகு பொக்கிஷ அதிகாரி. பிறகு அவைப்புலவர், ஒரு வெண்பாவோடு. எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார் சாத்தப்பன். எல்லோரும் இது நமக்குள் இருக்கட்டும் என்றார்கள்.

மறுநாள் காலையில் சாத்தப்பன் மன்னர் ஏடு படிக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். துளையைச் சற்று அகலமாக்கி அதில் கண்ணாடியைப் பொருத்தினார். ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன் முன் பிடித்து, மெல்லப் பின்னால் நகர்த்தினார். முதலில் வெறும் வெளிச்சம். பிறகு கலங்கல். ஒரு முழம் தள்ளியதும் பனி விலகியதுபோல் முற்றம் துணியில் வந்து உட்கார்ந்தது. சின்னதாக, ஆனால் கோபுரத்துப் பொம்மைகளை எண்ணிவிடும் தெளிவோடு.

"சுவரில் மங்கலாக இருந்ததே" என்றார் மன்னர், குனிந்து.

"சிதறிப் போகும் ஒளியைக் கண்ணாடி ஒரே இடத்தில் கூட்டுகிறது, அரசே. இனி யார் எவர் என்று சந்தேகம் வராது."

வெளியே முரசு ஒலித்தது. மன்னர் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

கோபுரம் தலைகீழாகத்தான் இருந்தது. வானம் கீழேதான் கிடந்தது. ஆனால் அவையோர் எல்லோரும் தலை மேலே, கால் கீழே என்று நேராகத் தெரிந்தார்கள். தலைகள் மேலே இருந்த தரையில் ஒட்டிக்கொண்டிருந்தன, கால்கள் கீழே கிடந்த வானத்தில் தொங்கின. நடுவில் கொடிமரத்தில் தளவாய் சேதுராயர் தெரிந்தார். கணுக்காலில் கயிறு கட்டியிருந்தது.

"எல்லோரும் நேராக இருக்கிறார்களே" என்றார் மன்னர் மெதுவாக. "ஆனால் சாத்தப்பரே, தளவாயின் மீசை ஏன் நெற்றியை நோக்கி வளர்கிறது?"

"விசுவாசத்தின் மிகுதியாக இருக்கலாம்."

"சோதிடரின் குடுமி மேலே போகிறது. பொக்கிஷ அதிகாரியின் வெற்றிலைப் பை இப்போதுதான் மேலே விழுந்தது. ஒரு பொருள் மேலே விழுமா?"

"இந்த அவையில் எதற்கும் விளக்கம் உண்டு, அரசே. பரஞ்சோதியாரைக் கேட்கலாம்."

மன்னர் சன்னலோரம் போய் உரத்த குரலில் கேட்டார். "பரஞ்சோதியாரே, நீர் இப்போது எப்படி நிற்கிறீர்?"

வெளியே மதிலில் காலைச் சாய்த்தபடி தலையில் நின்றுகொண்டிருந்த பரஞ்சோதியாருக்கு இரத்தம் முழுவதும் முகத்தில் இறங்கியிருந்தது. வாயில் அங்கவஸ்திரம் வேறு விழுந்திருந்தது. மூன்று தலைமுறையாக அந்த முற்றம் கேட்டிராத ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்தது.

"தெரியாது, பிரபு."

மன்னர் திரும்பவும் துணியைப் பார்த்தார். ஓரத்தில் ஒரு யானையும் ஒரு மனிதனும் மட்டும் தலைகீழாகத் தெரிந்தார்கள். யானை துதிக்கையைத் தூக்கியிருந்தது. மனிதன் விலங்கோடு கைகூப்பியிருந்தான். அவன் வேட்டி காலை நோக்கி, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"அரசே, இதே சுவர் காட்ட வேண்டும் என்றீர்கள். சுவரில் விழுந்த அதே காட்சி துணியில் விழுந்து காட்டிவிட்டது" என்றார் சாத்தப்பன். அவர் குரலில் விளையாட்டு இல்லை. "இந்தத் துளை எல்லாவற்றையும் கவிழ்த்துத்தான் காட்டும். நேராக நிற்பவன் தலைகீழாகத் தெரிகிறான், தலைகீழாக நிற்பவர்கள் நேராகத் தெரிகிறார்கள். இன்றைக்கு முற்றத்தில் நேராக நிற்கிற மனிதன் ஒருவன்தான். மூடிய சன்னலையும் கும்பிட்டவன் அவன் ஒருவன்தான்."

பிரம்பை எடுத்துத் துளையின் கதையைச் சொன்னார். கூடவே தளவாயின் கொல்லைக்குப் போன கரும்பையும் யானையின் காதுப் புண்ணையும் சொன்னார். மன்னர் பிரம்பைத் தானே வாங்கி, ஏற்றி இறக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் தோள் குலுங்கியது. வைத்தியர் பதறி ஓடி வந்தார். மன்னர் அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். நோய் வந்தபின் அரண்மனை கேட்ட முதல் சிரிப்பு அது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான், கோபுரத்துப் பொம்மைகளைத் தன் கண் தெளிவாகக் கண்டது என்பது அவருக்கு உறைத்தது. 

"பாகனின் விலங்கை இப்போதே வெட்டுங்கள்" என்றார். "இனி மங்கலத்தின் கரும்பைத் தளவாயே தம் கையால் தினமும் ஊட்டட்டும். காதுப் புண்ணுக்கு வைத்தியர் மருந்து போடட்டும். மற்றவர்கள் அப்படியே இருக்கட்டும், நான் கஞ்சி குடித்து முடிக்கும்வரை."

அன்றைக்கு மன்னர் கஞ்சியை மிக நிதானமாகக் குடித்தார்.

சாத்தப்பனுக்குப் பொன் காப்பும் பட்டும் கொடுத்தார். வேறென்ன வேண்டும் என்று கேட்டார். அவையில் "தெரியாது" என்று சொல்லும் உரிமை வேண்டும் என்றார் சாத்தப்பன். மன்னர் தடையை எடுத்துவிட்டார். முதல் சில நாள் அவையில் ஒரே அமைதி. பேசுவதற்கு யாரிடமும் ஒன்றும் இல்லை.

கண் குணமாகிச் சன்னல் திறந்தபிறகும் பலகையில் இருந்த அந்தத் துளையை மன்னர் அடைக்க விடவில்லை. அதற்கப்புறம் சன்னல் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் முற்றத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. எல்லோரும் காலில்தான் நின்றார்கள்.