மானைத் தேடி வந்த காப்பு

தும்பை என்னும் சினைமான், தன் காட்டில் ஓடை வற்றியதால் கார்த்திகையில் வேறொரு காட்டுக்குக் குடிவந்தது. போன வருஷம் அதன் குட்டி கால் மாறி வந்து, பிறக்கும்போதே செத்துப்போனது. இந்த முறை வைத்தியர் இல்லாமல் பெறவே கூடாது என்று அது பயந்துகிடந்தது.

அந்தக் காட்டில் கரடிதான் வைத்தியர். தை மாதம் ஒரு குவியல் அத்திப்பழம் கொடுத்துப் பெயரைச் சொல்லிவிட்டால், வருஷம் முழுக்க வைத்தியம் பார்க்கும்; அப்படிச் சேராதவர்களைப் பார்க்காது. தும்பைக்கோ மார்கழியிலேயே குட்டி பிறந்துவிடும்.

இதை எப்படியோ மோப்பம் பிடித்து நரி வந்தது.

"கவலைய விடு தங்கச்சி. என் காப்புல சேர்ந்துடு. தினம் ஒரு வாய் அத்திப்பழம் கொண்டுவந்து போடு. தை பிறக்கிறவரைக்கும் உனக்கு எந்த நோய் வந்தாலும் நான் பொறுப்பு."

மரத்தடியில் மேய்ந்த மயில், "நான் சேர்ந்திருக்கேன். முள்ளு குத்தினப்போ நல்லாத்தான் பார்த்தாரு" என்றது.

மான் சாதிக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. புல்லைக்கூட மோந்து பார்த்துத்தான் வாய் வைக்கும். நரி கொடுப்பதை மோந்து பார்க்காமல் இருக்குமா?

"பாம்பு கடிச்சா பார்ப்பீங்களாண்ணே?"

"தாராளமா."

"பிரசவத்துல சிக்கல் வந்தா?"

நரி தொண்டையைச் செருமியது. "பிரசவம் எங்கம்மா நோயாகும்? அதுவும் நீ வரும்போதே சினையாத்தானே வந்தே. முன்னாடியே இருந்தது எதுவும் இதுல சேராது."

"அப்போ மயிலுக்கு இது போதும். எனக்கு வேண்டியது மட்டும் இதுல இல்லை. நான் கரடி ஐயாவையே கேட்டுக்கிறேன்."

"ஐயையோ, அவர் தை வரைக்கும் யாரையும் சேர்க்கமாட்டாரு. வீணா நடக்காதே. கேட்டே ஆகணும்னா அமாவாசை கழியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

சேர்க்கவே மாட்டார் என்றால் இவன் ஏன் இப்படிப் பதறுகிறான்? அதென்ன அமாவாசைக் கணக்கு? தும்பைக்குக் காது விறைத்தது. நரி அந்தப் பக்கம் போனதும் நேரே கரடியின் குகைக்கு ஓடியது.

"எப்போம்மா குடிவந்தே?" என்று கேட்டது கரடி.

"போன அமாவாசைக்கு ஐயா."

"புதுசா குடிவந்தவங்க அடுத்த அமாவாசைக்குள்ள சேரலாமே. நாளையோட உன் கெடு முடியுது. யாரும் சொல்லலையா?"

"தெரிஞ்சவர் ஒருத்தர் இருந்தார். அவர்தான் சொல்லலை" என்றது தும்பை. பாவி, ஒரே ஒரு நாளில் ஏமாந்திருப்பேனே என்று நினைத்துக்கொண்டது. அன்றைக்கே பழத்தைக் குவித்துப் பெயரையும் சொல்லிவிட்டது.

மார்கழியில் இந்தக் குட்டியும் கால் மாறித்தான் வந்தது. கரடி பக்குவமாகத் திருப்பி வெளியே எடுத்தது. குட்டி தும்மிவிட்டு, தாயின் மடியைத் தேடியது.

நமக்கு வரக்கூடிய ஆபத்து அதில் அடங்குமா, அதைவிட நல்ல வழி வேறு திறந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் காப்பிலும் சேரக் கூடாது.